பதவியிறக்கமா, பணிநீக்கமா: கையெழுத்துப் போடும் முன் ஊழியர் செய்ய வேண்டியவை

மேலாளரும் மனிதவளத் துறை அதிகாரியும் சேர்ந்து உங்களை ஒரு தனி அறைக்குக் கூப்பிடும் நாளில், அவர்கள் தரப்பில் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். கடிதம் தயார், கணக்கு தயார், சட்ட ஆலோசனையும் பெற்றாயிற்று. உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் வாதாடி முடிவை மாற்றியவர்கள் மிகக் குறைவு. ஆனால் அதே பத்து நிமிடத்தில் ஒரு கையெழுத்தைப் போட்டு, கிடைக்க வேண்டிய எல்லாவற்றையும் இழந்தவர்கள் ஏராளம்.

இந்த வழிகாட்டி முழுவதும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே போகும்: எதில் கையெழுத்திடுகிறீர்கள், எந்தத் தேதிக்குள் எழுதுகிறீர்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்த இரண்டும் எங்கும் மாறாது.

அந்த அறைக்குள்

குரலை உயர்த்தாதீர்கள், அழுகை வந்தால் வரட்டும், ஆனால் பேச்சைக் குறையுங்கள். நோட்டும் பேனாவும் எடுத்துக் கொள்ளுங்கள். கேட்க வேண்டியவை இவ்வளவுதான்:

1. இந்த முடிவுக்குக் காரணம் என்ன? அதை எழுத்தில் தருவீர்களா?
2. எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது?
3. இது இறுதி முடிவா, நான் பதில் சொல்ல வாய்ப்பு உண்டா? மேல்முறையீடு யாரிடம்?
4. சம்பளம், விடுப்பு, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை?
5. இந்தக் காகிதத்தைப் படித்துப் பார்க்க எத்தனை நாள் அவகாசம்?

கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. வாங்க மறுப்பதால் ஒரு பயனும் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, “வாங்க மறுத்தார்” என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். அலுவலகப் பிரதியில் கையெழுத்து கேட்டால், “பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை” என்று கையால் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, அதன் கீழே கையெழுத்திடுங்கள். கணினித் திரையில் “ஒப்புக்கொள்கிறேன்” பொத்தானை மட்டும் அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். கடிதத்தைப் பதிவிறக்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதாகத் தனி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அந்த அறையில் செய்யவே கூடாதது ஒன்று உண்டு. “நாங்கள் நீக்கினால் உங்கள் பெயர் கெடும், நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்பார்கள். கேட்பதற்கு அக்கறை போலவே இருக்கும். ராஜினாமா எழுதிய கணத்திலிருந்து நீங்கள் நீக்கப்பட்டவர் அல்ல, விருப்பப்பட்டு விலகியவர். ஆட்குறைப்பு இழப்பீடு, வேலையின்மை உதவித்தொகை, சட்டவிரோதப் பணிநீக்கம் என்று வழக்குப் போடும் உரிமை ஆகிய மூன்றும் பல நாடுகளில் நீக்கப்பட்டவருக்கே உரியவை. ராஜினாமா உங்களுக்கு உண்மையிலேயே நல்லதாக அமையும் சூழல்களும் உண்டு. ஆனால் அது பேரம் பேசிப் பெற்ற தொகைக்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய பொருள், முதல் நாளில் இலவசமாகக் கொடுப்பதல்ல.

மிரட்டலில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்த நேரத்தில், எந்த அறையில், யார் முன்னிலையில், என்ன சொல்லி வாங்கினார்கள், அதைத் திரும்பப் பெறுகிறேன், வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். நிறுவனம் அதை ஏற்றுக் கடிதம் கொடுக்கும் முன் உங்கள் மின்னஞ்சல் போய்ச் சேர்வது முக்கியம். மூன்று வாரம் கழித்து “கட்டாயப்படுத்தினார்கள்” என்று எழுதினால் அதை நம்ப யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

அன்று மாலையே: நடந்ததை எழுத்தாக்குங்கள்

கூட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் ஒரு மின்னஞ்சல். உணர்ச்சி வேண்டாம், வாதமும் வேண்டாம். நடந்ததன் பதிவு மட்டும். “இன்று மாலை 4 மணிக்கு நடந்த கூட்டத்தில் எனக்குச் சொல்லப்பட்டவை இவை. நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் திருத்தவும்” என்று தொடங்கி, சொன்னவற்றை வரிசையாக எழுதுங்கள். அவர்கள் மறுக்காமல் விட்டால் அந்த மின்னஞ்சலே பிற்பாடு உங்கள் வலுவான ஆதாரம். உரையாடலைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதைவிட இது பாதுகாப்பானது. சில நாடுகளிலும் மாநிலங்களிலும் எல்லாத் தரப்பும் சம்மதிக்காமல் பதிவு செய்வதே குற்றம். சட்டம் தடுக்காத இடத்திலும் நிறுவன விதி தடுத்திருக்கலாம்.

அடுத்து ஆவணங்கள். கணினி அணுகல் எந்த நிமிடமும் நிற்கலாம் என்பதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். நியமனக் கடிதம், அதற்குப் பின் வந்த சம்பள உயர்வு, பதவி உயர்வுக் கடிதங்கள், கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகள், கடைசி 3 ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகள், பாராட்டு மின்னஞ்சல்கள், பணியாளர் கையேடு, விடுப்புக் கணக்கு, போனஸ் திட்ட விதி, பங்கு ஒதுக்கீட்டுக் கடிதம். இவை உங்களைப் பற்றியவை, உங்களுக்குரியவை.

இங்கேதான் பலர் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். பதற்றத்தில் வாடிக்கையாளர் பட்டியல், திட்டக் கோப்பு, சக ஊழியர் சம்பள விவரம் என்று எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுவார்கள். நிறுவனத்தின் தகவல் பாதுகாப்புக் குழு அந்தப் பதிவை எடுத்து நீட்டும். அதுவரை இழப்பீடு பேச வேண்டிய நிலையில் இருந்த நிறுவனம், இப்போது “கடுமையான ஒழுங்கீனம்” என்று ஒரு பைசா தராமல் நீக்கும். நிறுவனத்துக்குள் இருக்கும் ஒரு ஆவணம் உங்களுக்குச் சாதகமானது என்று தெரிந்தால், அதன் தேதி, தலைப்பு, யார் யாருக்கு அனுப்பியது என்பதைக் குறித்து வையுங்கள். பிற்பாடு நீதிமன்றம் வழியாக அதைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்க முடியும்.

நடப்பதற்கு என்ன பெயர்?

நிறுவனம் மென்மையாக ஏதாவது பெயர் வைத்திருக்கும்: மறுசீரமைப்பு, பொறுப்பு மாற்றம், பரஸ்பரப் பிரிவு. உங்களுக்குத் தேவை சட்டத்தின் பெயர். ஏனென்றால் பணமும் நடைமுறையும் அதைப் பொறுத்தவை.

ஒழுங்கீனம் என்றால் குற்றச்சாட்டும் விசாரணையும் இருக்க வேண்டும். திறன் குறைவு என்றால் எச்சரிக்கையும் திருந்த அவகாசமும் எதிர்பார்க்கலாம். ஆட்குறைப்பு என்றால் குறை ஆளிடம் இல்லை, பணியிடமே போகிறது. எனவே முன்னறிவிப்பும் இழப்பீடும் பேச வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிவது தனிக் கதை: அதில் உரிமைகள் குறைவு, ஆனால் வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால் நிரந்தர ஊழியர் என்று வாதிட இடமுண்டு.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை (1982) இதன் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறது: ஊழியரின் திறன், நடத்தை, நிறுவனத்தின் செயல்பாட்டுத் தேவை ஆகிய மூன்றில் ஒன்றோடு தொடர்புடைய தகுந்த காரணம் இல்லாமல் வேலையை முடிக்கக் கூடாது, நடத்தை அல்லது திறன் காரணம் என்றால் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் இதில் இணையவில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் காரணமே சொல்லாமல் நீக்கலாம். அங்கே பாகுபாடு, பழிவாங்கல், ஒப்பந்த மீறல் ஆகியவைதான் பிடி. ஆனாலும் உடன்படிக்கை சொல்லும் அந்த மூன்று காரணங்களில் உங்கள் கதை எதில் பொருந்துகிறது என்று பார்ப்பது எந்த நாட்டிலும் நல்ல தொடக்கம்.

காரணம் பொய்யாக இருப்பதைக் காட்டும் அடையாளங்கள் சில உண்டு. ஆட்குறைப்பு என்று சொல்லிவிட்டு ஒரு மாதத்தில் அதே வேலைக்கு வேறு பெயரில் விளம்பரம் வந்தால், தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். திறன் குறைவு என்கிறார்கள், ஆனால் நான்கு மாதம் முன் நல்ல மதிப்பெண்ணும் போனஸும் கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பம் தெரிவித்ததற்கும், பாலியல் தொல்லைப் புகார் கொடுத்ததற்கும், சங்கத்தில் சேர்ந்ததற்கும், முறைகேட்டைச் சுட்டிக்காட்டியதற்கும் சில வாரங்களுக்குள் இந்த முடிவு வந்திருக்கிறது. இப்படிப்பட்ட காரணங்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆகவே ஒரு காலக்கோடு எழுதுங்கள்: இடப்பக்கம் தேதி, நடுவில் நடந்தது, வலப்பக்கம் ஆதாரம். இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்த வழக்கறிஞரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

நாட்காட்டியில் குறிக்க வேண்டிய ஒரே தேதி

நல்ல வழக்குகள் தோற்பதற்குத் தாமதம் ஒரு பெரிய காரணம். ஆஸ்திரேலியாவில் நியாயமற்ற பணிநீக்க மனுவை 21 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் எழுத்துவழிப் பணிநீக்கக் கடிதம் கிடைத்த மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போடாவிட்டால், பொதுவாக அந்தப் பணிநீக்கம் செல்லுபடியாகிவிடும். சிங்கப்பூரில் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதம். மலேசியாவில் 60 நாள். அமெரிக்காவில் பாகுபாட்டுப் புகாருக்கு 180 நாள், மாநிலத்தில் அதற்கான தனி அமைப்பு இருந்தால் 300 நாள்.

உள்ளே மேல்முறையீடு செய்துவிட்டு, “அவர்கள் பதில் வரட்டும்” என்று காத்திருப்பது வழக்கமான வீழ்ச்சி. நிறுவனத்தின் மேல்முறையீடு பொதுவாக வெளிக் காலக்கெடுவை நிறுத்தாது. மனிதவளத் துறை “பார்த்துச் சொல்கிறோம்” என்று இழுப்பது சில சமயம் நல்லெண்ணம், சில சமயம் கணக்கு. எதுவாக இருந்தாலும் உங்கள் தேதி ஓடிக்கொண்டிருக்கும். முதல் வாரத்திலேயே உங்கள் நாட்டின் காலக்கெடுவைத் தொழிலாளர் துறையிடமோ வழக்கறிஞரிடமோ உறுதி செய்து, அதற்குப் பத்து நாள் முன்பாக ஒரு தேதியைச் சொந்தக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதவியிறக்கம்: நான்கு வழிகள், ஒரு பொறி

வேலை போவதைவிடப் பதவி இறங்குவது குழப்பமானது. வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, எனவே “பார்ப்போம்” என்று தோன்றும். அந்தப் “பார்ப்போம்”தான் பொறி. புதிய பதவியில், குறைந்த சம்பளத்தில், எதிர்ப்பே எழுதாமல் மாதக்கணக்கில் வேலை செய்தால், மாற்றத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்றே பல நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும். மௌனம் இங்கே சம்மதம்.

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். “நிறுவனம் தேவைக்கேற்பப் பணியை மாற்றலாம்” என்ற வரி அனேகமாக இருக்கும். அது மேசையை மாற்றவும் குழுவை மாற்றவும் போதும். சம்பளத்தையும் தரநிலையையும் ஒருதலையாகக் குறைக்கப் பெரும்பாலும் போதாது. குறைக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே நிறுவனத்தின் கை ஓங்கும். அரசுப் பணி வேறு: இந்திய அரசமைப்பின் 311(2) பிரிவு, குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதிலளிக்க நியாயமான வாய்ப்புத் தராமல் குடிமைப் பணியில் இருப்பவரைத் தரம் இறக்கக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவே சில விதிவிலக்குகளையும் வைத்திருக்கிறது. தற்காலிகப் பொறுப்பிலிருந்து பழைய பதவிக்குத் திருப்பி அனுப்புவது அந்தப் பாதுகாப்புக்குள் தானாக வந்துவிடாது. தண்டனையாக அனுப்பினார்களா என்பதே கேள்வி.

வழி ஒன்று: ஏற்றுக்கொள்வது, ஆனால் நிபந்தனையோடு. சம்பளம் குறையாமல் பட்டம் மட்டும் இறங்குகிறதா? ஆறு மாதத்தில் மறுபரிசீலனை உண்டா? இதை எழுத்தில் வாங்க வேண்டும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: இழப்பீடு, பணிக்கொடை (கிராஜுவிட்டி), நோட்டீஸ் காலச் சம்பளம் ஆகியவை பெரும்பாலும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில்தான் கணக்கிடப்படுகின்றன. இந்தியப் பணிக்கொடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் சேவை ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். கணக்குக்கு உரிய சம்பளம் 60,000, சேவை 20 ஆண்டு என்றால் வருவது 6,92,308 ரூபாய். பதவி இறங்கி 42,000 ஆன பிறகு வெளியேறினால் 4,84,615. மாதம் 18,000 குறைந்தது கண்ணுக்குத் தெரியும். இருபது வருட உழைப்பின் மதிப்பில் இரண்டு லட்சத்துக்கு மேல் கரைந்தது தெரியாது. எனவே ஏற்பதாக இருந்தால், “இந்தத் தேதி வரையிலான சேவைக்குப் பழைய சம்பளத்தில் கணக்கு, ஒரு வருடத்துக்குள் ஆட்குறைப்பு வந்தால் இழப்பீடு பழைய சம்பளத்தில்” என்ற வரியைக் கேளுங்கள். பதவியிறக்கம் சில சமயம் வெளியேற்றத்தின் முதல் படி என்பதால் இந்த வரிக்குப் பொன் விலை.

வழி இரண்டு: எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு வேலையைத் தொடர்வது. குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடைமுறைக்கு ஏற்றது. கடிதம் இப்படி இருக்கலாம்:

“தங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட பதவி மற்றும் சம்பள மாற்றத்துக்கு நான் ஒப்புதல் அளிக்கவில்லை. இது என் பணி ஒப்பந்தத்துக்கு முரணானது. வருமானம் தடைபடக் கூடாது என்பதற்காக எதிர்ப்புடன் பணியைத் தொடர்கிறேன். இவ்வாறு தொடர்வதை மாற்றத்தை ஏற்றதாகக் கொள்ளக் கூடாது. பழைய பதவியையும் சம்பளத்தையும் மீட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் சட்ட உரிமைகள் அனைத்தும் தொடர்கின்றன.”

முதல் குறைந்த சம்பளம் வரும் முன்பே இது போக வேண்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாதமும் சம்பளம் வரும் நாளில் ஒரு வரி: “என் முந்தைய கடிதத்தின்படி இன்னும் எதிர்ப்புடனேயே பெற்றுக்கொள்கிறேன்.” அலுப்பான வேலைதான், செய்யுங்கள். ஆனால் இதுவும் காலவரம்பில்லாத பாதுகாப்பு அல்ல. குறைதீர்ப்புப் புகார், சங்கம், தொழிலாளர் துறை என்று சில வாரங்களில் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

வழி மூன்று: புதிய பொறுப்பை ஏற்க மறுத்து, பழைய வேலைக்குத் தயாராக இருக்கிறேன் என்பது. நேர்மையான நிலைதான், ஆனால் அபாயம் அதிகம். உத்தரவை மீறினார் என்று அதையே குற்றச்சாட்டாக்கலாம். மாற்றம் அப்பட்டமாகச் சட்டவிரோதம் என்று வழக்கறிஞர் எழுத்தில் சொன்னால் ஒழிய இதை எடுக்க வேண்டாம்.

வழி நான்கு: ராஜினாமா செய்து, “நிறுவனத்தின் செயலே என்னை வெளியேற்றியது” என்று வழக்குப் போடுவது. இங்கிலாந்து, மலேசியா போன்ற நாடுகளின் சட்டம் இதையும் பணிநீக்கமாகவே பார்க்க இடம் தருகிறது. ஆனால் நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் மேல். 1977-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது: முதலாளியின் நடத்தை வெறுமனே நியாயமற்றதாக இருந்தால் போதாது, ஒப்பந்தத்தின் வேரையே முறிப்பதாக இருக்க வேண்டும். கூடவே, அந்த மீறல்தான் விலகலுக்குக் காரணம் என்பது கடிதத்திலேயே தெரிய வேண்டும், தாமதிக்கவும் கூடாது. “சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்” என்று நாகரிகமாக எழுதிய ராஜினாமா இந்த வழக்கைக் கொன்றுவிடும். வேறு வேலை கையில் கிடைத்த பிறகு விலகினாலும், அதற்காகத்தான் போனார் என்பார்கள்.

எங்கள் மதிப்பீட்டில், பெரும்பாலோருக்கு இரண்டாம் வழியில் தொடங்கி, அந்த எழுத்துகளின் பலத்தில் நல்ல வெளியேற்றத் தொகைக்குப் பேரம் பேசுவதே அதிகப் பலன் தரும். நான்காம் வழி துணிச்சலாகத் தெரியும். அதன் செலவை நீங்கள் முன்பணமாகக் கட்ட வேண்டும்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால்

கொடுத்த அவகாசத்துக்குள் பதில் கொடுங்கள். போதாவிட்டால் கெடு முடியும் முன்பே நீட்டிப்பு கேளுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, எண் போட்டு, மறுக்கிறேன் அல்லது இந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதுங்கள். எந்த ஆவணத்தை நம்பிக் குற்றம் சாட்டுகிறார்களோ அதன் பிரதியைக் கேளுங்கள். விசாரணையில் சக ஊழியர் அல்லது சங்கப் பிரதிநிதி உடனிருக்க அனுமதி, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு, அன்றன்றைய நடவடிக்கைக் குறிப்பின் பிரதி ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பே உங்கள் ஆதாரம். கோபித்துக்கொண்டு விசாரணையைப் புறக்கணித்தால் நீங்கள் இல்லாமலே முடித்துவிடுவார்கள். அப்போது முறை தவறியது என்று சொல்ல உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

இடைநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம், அதாவது சம்பளத்தில் ஒரு பகுதி, உண்டா என்று பாருங்கள். இந்தியாவில் நிலையாணைகள் (நிறுவனத்தின் சான்றளிக்கப்பட்ட பணி விதிகள்) பொருந்தும் தொழிலாளிக்கு முதல் 90 நாள் சம்பளத்தில் 50 விழுக்காடு, அவர் காரணமல்லாமல் விசாரணை அதற்கு மேல் நீண்டால் 75 விழுக்காடு.

‘திறன் மேம்பாட்டுத் திட்டம்’ என்ற பெயரில் 30, 60, 90 நாள் கெடு கொடுப்பது தனி வகை. அதில் கையெழுத்துப் போடும் முன், இலக்குகளை அளக்க முடிகிறதா என்று பாருங்கள். “ஈடுபாட்டை உயர்த்த வேண்டும்” என்பதை யாரும் நிறைவேற்ற முடியாது. “வாரம் 12 கோரிக்கைகளை முடிக்க வேண்டும்” என்பதை முடியும். அளவில்லாத இலக்குக்கு அளவு கேட்டு எழுதுங்கள். வாராவாரம் செய்ததை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதே நேரம் வெளியே வேலை தேடத் தொடங்கிவிடுங்கள். இந்தத் திட்டங்களில் மீண்டு வருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதையே நம்பியிருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

ஆட்குறைப்பில் சரிபார்க்க வேண்டியவை

யாரை நீக்குவது என்று எந்த அளவுகோலில் முடிவு செய்தார்கள், உங்கள் மதிப்பெண் என்ன, அதே வேலை செய்த மற்றவர்கள் எத்தனை பேர், வேறு பணியிடம் காலியாக இருந்ததா? நான்கையும் எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவருக்கு, ஓராண்டு தொடர் சேவை இருந்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும். ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை. மேலாளர் என்ற பட்டம் இருப்பதாலேயே நீங்கள் அந்த வரையறைக்கு வெளியே என்று நினைக்காதீர்கள். பட்டத்தைவிட, உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதே முக்கியம். இங்கிலாந்தில் ஆட்குறைப்புக்குப் பதிலாக வேறு பதவி தந்தால் நான்கு வாரம் செய்து பார்க்க உரிமை உண்டு. பொருந்தாவிட்டால் இழப்பீட்டை இழக்காமல் விலகலாம். அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் மூடலுக்கும் பெருந்திரள் நீக்கத்துக்கும் பொதுவாக 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்.

பிரிவு ஒப்பந்தத்தைப் படிப்பது

தொகையை முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். நீங்கள் கொடுப்பவை அங்கேதான் இருக்கும்: இனி எந்த வழக்கும் போட மாட்டேன், யாரிடமும் பேச மாட்டேன், போட்டி நிறுவனத்தில் சேர மாட்டேன்.

தொகையை இரண்டாகப் பிரியுங்கள். நோட்டீஸ் சம்பளம், எடுக்காத விடுப்பு, பாக்கிச் சம்பளம், பணிக்கொடை போன்றவை கையெழுத்துப் போடாவிட்டாலும் வர வேண்டியவை. கையெழுத்துக்கு விலை, அதற்கு மேல் தருவது மட்டும். மொத்தம் ஐந்து மாதச் சம்பளம் என்று பெருமையாகச் சொல்வதில் நான்கு மாதம் ஏற்கெனவே உங்களுடையதாக இருப்பது சாதாரணம்.

பேசக்கூடியவை பணம் மட்டுமல்ல. மருத்துவக் காப்பீடு எத்தனை மாதம் நீளும்? விகிதப்படி போனஸ் உண்டா? பங்கு விருப்பங்களை (நிறுவனப் பங்கை முன்பே குறித்த விலையில் வாங்கும் உரிமை) பயன்படுத்தும் அவகாசம் எவ்வளவு? பயிற்சிப் பிணைத் தொகையும் சேர்ப்பு போனஸைத் திருப்பிக் கேட்பதும் ரத்தாகுமா? போட்டித் தடையின் காலமும் எல்லையும் குறையுமா? விசாரிக்கும் புதிய நிறுவனத்துக்கு என்ன சொல்வார்கள் என்ற வாசகத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே வாங்குங்கள். விடுவிப்புக் கடிதம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதையும் எழுத வேண்டும். “உரிய நேரத்தில்” என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டுத் தேதி போடச் சொல்லுங்கள்.

கேட்கும்போது ஒரே கடிதத்தில், காரணத்தோடு, மூன்று நான்கு கோரிக்கைகளாகக் கேளுங்கள். தினம் ஒன்றாகக் கேட்டால் மறுப்பதும் எளிது, எரிச்சலும் வரும். அவகாசம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அமெரிக்காவில் 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர் வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் என்றால் 21 நாள், கூட்டாக நீக்கினால் 45 நாள் யோசிக்கவும், கையெழுத்திட்ட பின் 7 நாளுக்குள் திரும்பப் பெறவும் சட்டமே இடம் தருகிறது. மற்ற இடங்களில் ஒரு வாரம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். “இன்று மாலைக்குள்” என்ற கெடு உண்மையில் கெடுவாக இருப்பது அபூர்வம்.

பணம், காப்பீடு, விசா

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு முதல் கேள்வி இழப்பீடு அல்ல, விசா. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை முடிந்த பின் அதிகபட்சம் 60 நாள், தங்கும் அனுமதி அதற்கு முன் முடிந்தால் அதுவரை மட்டும். அங்கே கடைசி வேலை நாளைச் சில வாரம் தள்ளிப் போட வைப்பது, கூடுதலாக ஒரு மாதச் சம்பளத்தைவிடப் பெரிய வெற்றி. நோட்டீஸ் காலத்தை வீட்டிலிருந்தபடி ஊழியராகவே கழிக்க அனுமதி கேளுங்கள். மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு அன்றே வெளியேறினால் நாட்கணக்கும் அன்றே தொடங்கிவிடலாம்.

வேலையின்மை உதவித்தொகை உள்ள நாட்டில், முதல் நாளே பதிவு செய்யுங்கள். சில இடங்களில் தாமதமான நாட்களுக்குப் பணம் கிடையாது. ஜெர்மனியில் வேலை முடியப்போவது தெரிந்ததுமே, பொதுவாக மூன்று மாதம் முன்பாக, குறுகிய அவகாசத்தில் தெரிந்தால் மூன்று நாளுக்குள், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு நிற்கும் தேதிக்கு முன்பே, தொடர் சிகிச்சையில் இருக்கும் குடும்பத்தினருக்கு மாற்று ஏற்பாடு செய்துவிடுங்கள். இடைவெளி விழுந்தால் பழைய நோய்களுக்குப் புதிய காத்திருப்புக் காலம் வரலாம். வீட்டுக் கடன் தவணை தவறிய பிறகு வங்கிக்குப் போவதைவிட, தவறும் முன் போனால் பேச இடமிருக்கும். வருங்கால வைப்பு நிதியைக் கடைசியாகத் தொடுங்கள்.

யாரிடம் போவது

சங்கம் இருந்தால் முதலில் அங்கே. இல்லாவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி. செலவு குறைவு, நிறுவனத்தை மேசைக்கு வர வைக்கும். வழக்கறிஞரைப் பார்க்கும்போது தொழிலாளர் சட்டத்தில் ஊழியர் தரப்பில் நடத்துபவரைத் தேடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: வெற்றி வாய்ப்பு எவ்வளவு, எத்தனை வருடம் ஆகும், கட்டணம் எப்படி, நடுவில் சமரசம் ஆனால் எவ்வளவு. “நிச்சயம் ஜெயிக்கலாம்” என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வழக்கு நடக்கும்போதும் வேறு வேலை தேட வேண்டும். இழப்பைக் குறைக்க முயன்றாரா என்று பல நீதிமன்றங்கள் பார்க்கும். விண்ணப்பித்த இடங்கள், நாள், வந்த பதில் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். அது வழக்குக்கும் உதவும், உதவித்தொகை அலுவலகமும் கேட்கும்.

சமூக ஊடகத்தில் நிறுவனத்தைத் திட்டி எழுதுவது பேரத்தின் நடுவில் உங்கள் கையைத்தான் பலவீனப்படுத்தும். நேர்காணலில் கேட்டால் நீளமாக விளக்க வேண்டாம்: “நிறுவனம் அந்தப் பிரிவைக் குறைத்தது, என் பணியிடமும் அதில் போனது” என்ற இரு துண்டு வாக்கியம் போதும். பதவி இறக்கப்பட்டிருந்தால், பழைய பதவியில் செய்ததைத் தேதியோடு தனி வரியாகவும் புதியதைத் தனி வரியாகவும் விண்ணப்பத்தில் போடுங்கள். உயர்ந்த பட்டத்தை மட்டும் கடைசி நாள் வரை நீட்டிப் போட்டால், பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனத்தின் பதிவோடு அது ஒத்துப்போகாது. கையில் வந்த வேலை அந்த ஒரு வரியால் நழுவும்.